கழிக்க வேண்டிய எடை

விருத்தாசலம்
18.1.2025

அன்புள்ள வெண்பா,

இல்லை, வெளியே குளிர் இல்லை. நான் போனில் சொன்ன குளிர் வேறு. டயாலிசிஸில் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், மிஷினில் சுற்றி, ஆறிப்போய்த் திரும்பி வருகிறது. அது உள்ளே நுழைவது தெரிகிறது. முழங்கை, தோள், பிறகு முதுகு. மேலே ஏசி. நான்கு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள்.

நீ நலமா. நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். வழக்கம்போல் இருக்கிறேன். உன் மாமாவும் அப்படித்தான். செராமிக் கம்பெனியில் அவரைச் சூளையிலிருந்து, பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கலக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெக்கை இல்லை என்று அவருக்குச் சந்தோஷம்.

போன் வேண்டாம் என்றதற்குக் கோபிக்காதே. இங்கே படுத்துக்கொண்டு பேசினால் ஆறு கட்டிலுக்கும் கேட்கும். வீட்டில் பேசினால் மாமாவுக்கு ஸ்பீக்கரில் வேண்டும். ஊசிக்கு இடது கை. வலது கை சும்மா கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. படிக்க ஏதாவது இருந்தால் நேரம் நகரும்.

உள்ளே வந்ததும் வெயிட் மிஷினில் ஏற வேண்டும். போன தடவைக்குப் பிறகு ஏறியிருப்பதெல்லாம் நாங்கள் குடித்த தண்ணீர். அதை டாக்டர் குறித்த எடை வரும்வரை மிஷின் இழுத்து எடுக்கும். அதிகம் ஏறியிருந்தால் கவிப்ரியா சிஸ்டரிடம் திட்டு. பக்கத்துக் கட்டில் தனக்கோடி பெண்ணாடத்தில் கரும்பு போட்டவர். அவர் பெல்ட், சாவி, வெற்றிலைப் பை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார். இன்று மூக்குக் கண்ணாடியையும் கழற்றினார்.

"பல்லு செட்டு இருந்தா அதயும் எடுத்துருங்க தாத்தா" என்றார் சிஸ்டர்.

"அது சொந்தப் பல்லும்மா. நீ வேணா ஒரு கிலோ கழிச்சிக்க."

நான் போர்த்திக்கொண்டேதான் ஏறுகிறேன். கழற்றினால் நடுக்கத்தில் எண் நிற்பதில்லை. மார்கழியில் டாக்டர் எனக்கு எடை குறித்தபோதும் அப்படித்தான் ஏறினேன். அதனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கேட்க வந்தது இது. காலேஜ் டூரில் ஊட்டியிலிருந்து நீ வாங்கி வந்த மெரூன் ஸ்வெட்டர், அதன்மேல் அம்மாவின் கம்பளிச் சால்வை. தோளில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. இருந்தும் குளிர்கிறது. உன் கம்பெனியில் ஏதோ உசத்தியான கம்பளி செய்கிறார்கள் என்றாயே. எடை குறைந்ததாக ஒன்று கிடைக்குமா. சூடும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் எடை குறைந்தது போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
துர்கா


நொய்டா
29.1.2025

அன்புள்ள அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தேன். இந்த அறைக்கு வங்கியைத் தவிர யாரும் எதுவும் அனுப்புவதில்லை.

நான் நலம். இருமல் இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சூடு எடையில் இல்லை அக்கா. இதையே வெளிநாட்டுக்காரர்களுக்கு நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் எழுதுகிறேன். காஷ்மியர் என்பது மலை ஆட்டின் அடிமயிர். மேலே இருக்கும் முரட்டு மயிரைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சீவி எடுக்கிறார்கள். நம் தலைமுடியில் நான்கில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது. அந்த மயிர்களுக்கு நடுவில் காற்று தங்குகிறது. உடம்பைச் சூடாக வைப்பது அந்தக் காற்றுதான். ஊட்டி ஸ்வெட்டரில் நூல் அதிகம், காற்று குறைவு.

ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாங்கள் செய்வது: முதலில் தராசு. பிறகு உள்ளே கையை விட்டு விளக்குக்கு எதிரே பிடிப்பது. விரல் தெரிந்தால் பின்னல் தளர்ச்சி. பிறகு பிடியில் வைத்துக் கசக்கி விடுவது. உடனே எழுந்து வர வேண்டும். கசங்கிப் படுத்துவிட்டால் மயிர் குட்டை, சீக்கிரம் உருண்டை கட்டும். ஒற்றை இழை இன்னும் லேசு, ஆனால் முழங்கையில் பொத்துப்போகும். உனக்கு இரட்டை இழையில், நெருக்கமான பின்னலில் எடுத்தேன்.

சாம்பல் நிறம், முன்பக்கம் பட்டன் வைத்தது. இடது கை ஒரு விரல் குட்டை. அதனால் கப்பலில் ஏறாமல் நின்றுவிட்டது. அந்தக் கையின் தையலை மணிக்கட்டிலிருந்து தோள்வரை பிரித்து அழுத்துப் பட்டன் வைத்துத் தைத்தேன். ஊசி குத்த மட்டும் திறந்துகொள். பட்டன்களோடு சேர்த்து இருநூற்று நாற்பது கிராம்.

அழுக்கானால் ஷாம்பூவில் அலசு. பிழியாதே. துண்டில் சுருட்டி அழுத்து.

பொங்கலுக்கு வராததைப் பற்றி நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

வெண்பா


விருத்தாசலம்
11.2.2025

அன்புள்ள வெண்பா,

இன்று அதைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். போட்டிருப்பதே தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரம் குளிர் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, தோளோடு நின்றுவிட்டது.

இருமலுக்கு டாக்டரிடம் போ. எல்லோருக்கும் இருக்கிறது என்பது மருந்து இல்லை.

இங்கே எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். தனக்கோடி இரண்டு தரம் தடவினார். "பூனக்குட்டி மாரி இருக்குதும்மா. எத்தினி ஆட்ட கொன்னாங்க இதுக்கு?"

கொல்லவில்லை, சீப்பால் சீவி எடுத்தார்கள் என்றேன்.

"சீவற வரைக்கும் ஆடு சும்மா நின்னுச்சா?"

எனக்குத் தெரியவில்லை. நீ எழுது, படித்துக் காட்டுகிறேன்.

மாமா பழையதையும் புதியதையும் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கிளேஸ் நிறுக்கும் தராசில் வைத்திருக்கிறார். பழையது அறுநூற்றைம்பது. "உன் தங்கச்சி காத்த மடிச்சி பார்சல் போட்டிருக்கா" என்றார். நானூறு கிராம் வித்தியாசம் என்று சாப்பிடும்போது இரண்டு மூன்று தடவை சொன்னார்.

சிஸ்டர் இன்று திட்டவில்லை. "கம்மியாதான் ஏறிருக்குக்கா, இப்பிடியே இருங்க" என்றார். தலையாட்டிவிட்டுக் கட்டிலுக்கு வந்தேன்.

சால்வை ஒன்று பாக்கி இருக்கிறது. அதுவும் அறுநூறு கிராம் இருக்குமாம். அதற்குப் பதிலாக ஏதாவது கிடைத்தால் பார். அவசரம் இல்லை. கிடைத்தால்.

துர்கா


நொய்டா
24.2.2025

அன்புள்ள அக்கா,

ஆடு சும்மா நிற்காது. காலைக் கட்டிக் கீழே சாய்த்துவிட்டுச் சீவுகிறார்கள். தனக்கோடியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே.

சால்வைக்குப் பதிலாக இரண்டு துப்பட்டாக்களை எடுத்து வைத்து மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று நூற்றெண்பது கிராம். இன்னொன்று நூற்றுப்பத்து. லேசாக லேசாகச் சூடு கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. கடைக்காரர்கள் சொல்வது. ஓர் எல்லைவரை சரி. அதற்குக் கீழே போனால் காற்றைப் பிடித்து வைக்க மயிர் போதாது. நூற்றுப்பத்து கிராம் என்பது கல்யாண வரவேற்பில் தோளில் போட்டுக்கொண்டு நிற்க. நோயாளிக்கு நூற்றெண்பதுதான். என்னைக் கேட்டால் அதுதான்.

ஆனால் எடை குறைந்தது போதும் என்று எழுதியிருந்தாய். தோளில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் என்றும் எழுதியிருந்தாய். எழுபது கிராமுக்காக உன்னோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை. நூற்றுப்பத்தை அனுப்புகிறேன். குளிர்ந்தால் இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்.

ஏப்ரலில் லீவு இல்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

மாமா சாப்பிடுகிறாரா. உன் கை வீக்கம் இல்லாமல் இருக்கிறதா.

வெண்பா


விருத்தாசலம்
13.3.2025

அன்புள்ள வெண்பா,

வந்தது. பார்சலைப் பிரித்தபோது உள்ளே எதுவும் இல்லை என்று மாமா நினைத்துவிட்டார். மடித்தெல்லாம் போடவில்லை, அப்படியே போட்டுக்கொள்கிறேன். குளிர் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

மாசி முடியவில்லை, அதற்குள் தார்ரோடு இளகுகிறது. உனக்குத் தெரியாது, ஏப்ரலில் வரப்போவதில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிற அம்மா ஒருவர் நாக்கில் ஒரு துண்டு ஐஸ் வைத்துக்கொண்டால் தாகம் தெரியாது என்கிறார். தெரியும். ஐஸ் கரையும்வரை தெரியாது, கரைந்த பிறகு முன்பைவிடத் தெரியும். மாமா காலையில் நான்கு பீங்கான் கோப்பையில் அன்றைக்கான தண்ணீரை அளந்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். அவர்கள் கம்பெனிக் கோப்பைதான். ஓரத்தில் கிளேஸ் ஓடிப்போனது. நான்கையும் வரிசையாக வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடி. பூஜை செய்வது போல் செய்கிறார்.

திட்டு இல்லை. போன மாதத்திலிருந்து ஒரு தடவைகூட இல்லை. "துர்காக்காவ பாத்து கத்துக்கங்க" என்று சிஸ்டர் தனக்கோடியிடம் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரம்மா, எனக்கும் டியூசன் எடு" என்றார்.

செருப்பு இறுக்குகிறது. வெயில்தான். இரவு படுத்தால் மூச்சு அடைக்கிற மாதிரி வெக்கை. நாற்காலியில் சாய்ந்துகொண்டால் தூக்கம் வருகிறது. ஒரு தலையணை போதவில்லை.

நீ இருமலைப் பற்றி எழுதவே இல்லை.

துர்கா


நொய்டா
27.3.2025

அக்கா,

இருமல் நின்றுவிட்டது. நிதியாண்டு முடிகிறது. ஆபீஸிலேயே சாப்பிட்டு, ஆபீஸிலிருந்து நேராக வந்து படுக்கிறேன். அதனால் சுருக்கமாக.

திட்டு வாங்கவில்லை என்று படித்ததும் நிம்மதி. இந்த வேலையில் யாருக்கோ ஒரு தடவை உண்மையாகவே பயன்பட்டிருக்கிறேன்.

செருப்பு ஒரு நம்பர் பெரியதாக வாங்கிக்கொள்.

நலம் கேட்கும்
வெண்பா


விருத்தாசலம்
12.4.2025

அன்புள்ள வெண்பா,

திங்கள்கிழமை சித்திரை பிறக்கிறது. அன்று பாயசம் வைக்கட்டுமா என்று மாமா கேட்டார். பாயசமும் தண்ணீர்க் கணக்கில் வரும் என்றேன். வைக்கப்போவதில்லை.

உடம்பு பரவாயில்லை. நடந்தால் இளைக்கிறது. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டேன். துணி காயப்போட மாமா போகிறார்.

தனக்கோடி இன்று மறுபடி மாட்டிக்கொண்டார். மூன்றரைக் கிலோ. சிஸ்டர் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உண்மைய சொல்லும்மா. நீ மட்டும் எப்பிடி?"

"குடிக்கிறதில்லங்க."

"இந்த வெயில்லயா?"

"ம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூஞ்சி உப்புன மாரி இருக்குதே" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கையெழுத்து கோணுவதற்கு மன்னித்துக்கொள். உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். மற்றவர்கள் படுத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்வெட்டர் இரட்டை இழை என்றாயே. ஒற்றை இழையில் செய்தது எவ்வளவு இருக்கும். சீக்கிரம் பொத்துப்போனால் பரவாயில்லை. எனக்கு ரொம்ப நாளுக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

துர்கா


நொய்டா
24.4.2025

அக்கா,

நேற்று சாம்பிள் அறையில் ஒரு தவறு. புதிதாகச் சேர்ந்த பெண் ஐம்பது ஸ்வெட்டர்களையும் ஹேங்கரோடு நிறுத்திருக்கிறாள். அந்த எடையே வாங்குகிறவருக்குப் போய்விட்டது. உட்கார்ந்து ஹேங்கரின் எடையை ஒவ்வொன்றிலும் கழித்தோம். மத்தியானத்துக்கு மேல் என் கை நின்றுவிட்டது.

மார்கழியில் உனக்கு எடை குறித்தபோது நீ ஊட்டி ஸ்வெட்டரும் அம்மாவின் சால்வையும் போட்டிருந்தாய். ஒன்றேகால் கிலோ. இப்போது நீ போட்டிருப்பது இரண்டும் சேர்த்து முந்நூற்றைம்பது கிராம். தராசில் அதே எண்தான் வருகிறது என்றால் மீதி எங்கே அக்கா. கிட்டத்தட்ட ஒரு கிலோ. அது உனக்குள் இருக்கிறது. அவ்வளவும் தண்ணீர். மிஷின் அதை எடுக்கவில்லை, ஏனென்றால் எடுக்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

செருப்பு இறுக்குவது வெயிலால் இல்லை. நாற்காலியில் தூங்குவது வெக்கையால் இல்லை. நான் பெரிய நம்பர் செருப்பு வாங்கச் சொன்னேன்.

நேற்றே போன் செய்தேன். நீ சிரித்தாய். "மாமா இங்கதான் இருக்காரு, கடுதாசில எழுது" என்று வைத்துவிட்டாய். இன்று காலை எடுக்கவே இல்லை. எழுதுகிறேன். துணியைக் கழற்றிவிட்டு எடை பார்க்கச் சொல். வேறு ஒன்றும் வேண்டாம், அதை மட்டும். நடுங்கினால் நடுங்கட்டும்.

ஒற்றை இழை அனுப்பமாட்டேன்.

வெண்பா


விருத்தாசலம்
10.5.2025

அன்பு வெண்பாவுக்கு மாமா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பாதிதான் சொன்னேன். உன் அக்கா பக்கத்தில் இருந்தாள். மீதியை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு விட முடியவில்லை. உதடெல்லாம் நீலமாகிவிட்டது. நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். இங்கே பார்க்க முடியாது என்று கடலூருக்கு ஆம்புலன்ஸில் போனோம். இரண்டு நாள் முகமூடி வைத்திருந்தார்கள். இப்போது பேசுகிறாள். கஞ்சி குடித்தாள். இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எடை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எப்படித் தண்ணீர் சேர்ந்தது என்று டாக்டர் என்னைக் கேட்டார். என்ன சொல்வது. நான்கு கோப்பைக்கு மேல் நான் கொடுத்ததில்லை. அதிலும் ஒன்று சில நாள் அப்படியே மிச்சம் இருக்கும். உப்பு அதிகமானால் உடம்பில் தண்ணீர் நிற்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சமையல் நான்தான். ரசத்தில் கை தவறிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சூளையில் இருந்தவனுக்குக் கைக்கணக்கு தப்பாது என்று பேர். தப்பியிருக்கிறது.

உனக்குத்தான் எழுதுகிறாள். உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல். நீ வர முடியாது என்று தெரியும். அதற்காக எழுதவில்லை.

இப்படிக்கு
ஆதிநாராயணன்


விருத்தாசலம்
22.5.2025

அன்புள்ள வெண்பா,

வந்துவிட்டேன். அதே கட்டில், அதே ஏசி. சாம்பல் ஸ்வெட்டர்.

மீதி எங்கே என்று கேட்டாயே. எனக்குத் தெரியும்.

முதலிலேயே தெரியாது. மாமா தராசில் வைத்துப் பார்த்துவிட்டு நானூறு கிராம், நானூறு கிராம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அன்று சாப்பிடும்போது தெரிந்தது. நானூறு கிராம் என்றால் இரண்டு டம்ளர்.

மாமா வேலைக்குப் போன பிறகு. பிரிட்ஜ் பாட்டிலின் மூடியில் ஊற்றிக் குடிப்பேன். அவர் வைத்த கோப்பையைத் தொடமாட்டேன், அது தனிக் கணக்கு. ஒரு மூடி. விழுங்காமல் வாயில் வைத்திருப்பேன். பற்கள் கூசும். பிறகு இன்னொரு மூடி. பாட்டிலை மறுபடி குழாயில் நிரப்பி அதே இடத்தில் வைத்துவிடுவேன். சால்வைக்குப் பதில் கேட்டபோது தெரிந்தேதான் கேட்டேன். ஒற்றை இழையும்.

செத்துப்போக நினைத்தேன் என்று எண்ணாதே. அப்படி இல்லை. அதற்கெல்லாம் தனியாகத் தெம்பு வேண்டும். எனக்குத் தாகமாக இருந்தது. பத்து வருஷம், பதினைந்து வருஷம் இப்படியே இருக்கலாம் என்று டாக்டர் நல்ல செய்தி போலச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து நான்கு கோப்பைகளையும் பார்த்தேன்.

மூச்சு முட்டியபோதும் சொல்லவில்லை. சொன்னால் எண்ணை மாற்றுவார்கள். மாற்றினால் அந்த மூடியும் போய்விடும்.

கடலூரில் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். இங்கே எண் பழையபடிதான் இருக்கிறது. துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நீயும் சொல்லாதே. சிஸ்டரிடமும் வேண்டாம், மாமாவிடமும் வேண்டாம். எனக்கென்று ஒன்று இருக்கட்டும். சொல்லிவிட்டால் உனக்கு எழுத என்னிடம் எதுவும் இருக்காது.

களைப்பாக இருக்கிறது. உன்னைக் கேட்கவே இல்லை. நன்றாக இருக்கிறாயா.

துர்கா


நொய்டா
30.5.2025

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

கடிதம் நேற்று வந்தது. இரவெல்லாம் வைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. படித்து முடித்ததும் சென்டரின் நம்பரைத் தேடினேன். கவிப்ரியா சிஸ்டர்தான் எடுத்தார்.

"துர்கா தங்கச்சி பேசறேன்."

"ஸ்வெட்டர் அனுப்புனவங்களா? எங்களுக்கெல்லாம் எப்ப அனுப்பப் போறீங்க?"

நான்கு எடைகளையும் சொன்னேன். பழையது இரண்டு, புதியது இரண்டு. மார்கழியில் எதைப் போட்டுக்கொண்டு ஏறினாய் என்று சொன்னேன். பின்னால் ஏதோ மிஷின் கத்திக்கொண்டிருந்தது, அதை யாரோ அணைத்தார்கள். பிறகு, "நாங்க பாக்கலயேக்கா" என்றார். நான் அவரைவிடச் சின்னவளாகத்தான் இருப்பேன், என்னை அக்கா என்றார். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

துணி மாறியது என்று மட்டும்தான் சொன்னேன். பாட்டில் மூடியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மாமாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதை உன்னிடம் விடுகிறேன்.

உனக்கென்று இருந்த ஒன்றை எடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரிகிறது. அதற்கு ஈடாக எதையும் அனுப்ப முடியாது. அலமாரி முழுக்கத் தேடினாலும் இங்கே அப்படி ஒன்று இல்லை.

நீ எழுதாமல் இருந்தால் இரு. ஜூலையில் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறேன்.

வெண்பா


விருத்தாசலம்
19.6.2025

வெண்பா,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இந்த வார்டில் கோபப்பட யாரும் இல்லை, எல்லோரும் நோயாளிகள். சிஸ்டர் பாவம். உன் மேல் படுவது வசதியாக இருந்தது.

எண்ணை மாற்றிவிட்டார்கள். ஒரேயடியாக இல்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்காலில் சதை பிடித்து இழுக்கிறது. "செவுத்த ஓங்கி மிதிம்மா, இடிஞ்சா நான் கட்டித் தரேன்" என்கிறார் தனக்கோடி. மிதிக்கிறேன். மூச்சு சரியாகிவிட்டது. படுத்தே தூங்குகிறேன். இதையெல்லாம் உனக்கு எழுதுவது பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

சிஸ்டர் மாமாவிடம், டாக்டர் எடையை மாற்றியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று மாமா கேட்கவில்லை. அவரிடம்தான் காரணம் இருக்கிறதே. ரசத்தில் உப்பை நிறுத்திவிட்டார். பிறகு குழம்பில். போன வாரம்தான் கவனித்தேன், தன் தட்டுக்கும் தனியாக உப்புப் போட்டுக்கொள்வதில்லை. வேலை பார்க்கிற மனிதர். கேட்டால், "ரெண்டு சமையலு எதுக்கு" என்கிறார். மோர்கூட உப்பில்லாமல்.

இன்று வரும்போது வண்டியில் சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. பாலக்கரை தாண்டியதும் ஆரம்பித்தேன். ஸ்வெட்டர், தராசு, பாட்டில், மூடி. எல்லாம். உங்கள் ரசம் இல்லை என்றேன். அவர் வண்டியை நிறுத்தவில்லை. லாரி ஒன்று போக ஒதுங்கினார், மறுபடி ஓட்டினார். சென்டர் வாசலுக்கு வந்தோம். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தாகமா இருந்தா எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா குடுத்துருப்பீங்களா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"குடுத்துருக்க மாட்டேன்" என்றார்.

"அதான்."

"வூட்டுக்குப் போயி பேசிக்கலாம். நேரமாச்சி, உள்ள போ."

போனேன். தராசுக்கு முன்னால் வரிசை இருந்தது. என் முறை வந்ததும் சிஸ்டர் கையை நீட்டுவதற்கு முன்பே துப்பட்டாவையும் ஸ்வெட்டரையும் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, ஏறி நின்றேன்.

துர்கா